ஒரே மைனஸ் குறி, பதினோரு விடைத்தாள்



நாலாவது செமஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சீனியரின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து விடுதியே படித்தது. அதில் ஒரு சமன்பாட்டில் மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. விடைத்தாள் திருத்திய பேராசிரியர், பதினோரு தாள்களில் அதே மைனஸ் காணாமல் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சிருக்கீங்க" என்று சிரித்தார்.

அன்றைக்கு அது கேலி. தப்பு ஒன்றாக இருந்தால் ஊற்றும் ஒன்று என்ற அதே கணக்கை வைத்து, ஜெர்மனியில் ஒரு பெரிய இசைப் பதிப்பையே உருவாக்கியிருக்கிறார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். கடையில் கிடைத்த பாக் இசைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் பதிப்பு சார்?" என்று கேட்டார். இசைப் புத்தகத்தில் அதெல்லாம் உண்டா என்று தேடப் போனவன், இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

ஜொஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) வாழ்ந்த காலத்தில் ஆர்கன் வாசிப்பதில் பேர்போனவர். ஆனால் அவருடைய ஆர்கன் படைப்புகளில் அவர் கண் முன்னே அச்சானவை கொஞ்சம்தான். 1739-இல் ஒரு பெரிய தொகுதி, 1748 வாக்கில் ஷூப்ளர் வெளியிட்ட ஆறு உருப்படிகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆறிலும் அச்சுப் பிழைகளைத் தம் சொந்தப் பிரதியில் பேனாவால் திருத்தி வைத்திருந்தார். அந்தப் பிரதி இன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருக்கிறது. மற்றதெல்லாம் கையெழுத்துப் பிரதிகள். அவர் கைப்பட எழுதியவை பலவும் அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளிடையே பிரிந்து, விற்கப்பட்டு, சிதறிப்போயின. மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டதால்தான் நிறைய படைப்புகள் பிழைத்தன. நம்ம ஜெராக்ஸ் கதையேதான், மெஷின் மட்டும் கிடையாது.

பிழைத்த மூலங்களில் அருமையானது 'ஓர்கல்பியூஷ்லைன்', அதாவது சின்ன ஆர்கன் புத்தகம். பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. 164 கீர்த்தனை மெட்டுகளுக்குத் தலைப்பை முதலிலேயே எழுதி, பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். முடித்தது 46 உருப்படிகள்தான். சில இடங்களில் பக்கம் போதாமல், கடைசிப் பகுதியை அடியில் எழுத்துக் குறிகளாக நெருக்கி எழுதியிருக்கிறார். டிராயிங் ஷீட்டில் இடம் பத்தாமல் நாம் பண்ணின வேலை!

1844-இல் லைப்ஸிக் நகரத்துப் பீட்டர்ஸ் நிறுவனம் ஆர்கன் படைப்புகளைத் தொகுதி தொகுதியாக அச்சிட ஆரம்பித்தது. பதிப்பாசிரியர்கள் கிரீப்பென்கெர்லும் ரோயிட்ஷும். எந்தெந்தப் பிரதிகளைப் பார்த்தோம் என்று முன்னுரையில் சொல்லியது இந்தப் பதிப்பின் பெருமை. குறையும் உண்டு. சின்ன ஆர்கன் புத்தகத்தை பாக் திருச்சபை ஆண்டின் வரிசைப்படி அமைத்திருந்தார். இவர்கள் அதை அகர வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். தேடுவதற்கு வசதிதான். ஆனால் பாக்கின் திட்டம் கலைந்துபோனது.

இதில் என் மனதைப் பிசைந்தது 'பஸ்ஸகாலியா' விஷயம். அதன் மூலக் கையெழுத்து ஃபிராங்க்ஃபர்ட்டில் கூர் என்ற இசை இயக்குநரிடம் இருப்பதாக அந்தப் பதிப்பு குறிப்பிட்டது. இன்று அந்த மூலம் இல்லை. அப்போது பார்த்தவர்கள் பதிந்து வைத்த அந்தச் சின்னக் குறிப்புதான் மிச்சம். எதைப் பார்த்தோம் என்று எழுதாமல் விட்டிருந்தால், மூலம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

பாக் மறைந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டித் திட்டமிடப்பட்ட 'புதிய பாக் பதிப்பு' 1954-இல் வெளிவர ஆரம்பித்து 2007-இல் முடிந்தது. ஐம்பத்து மூன்று வருஷம்! கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக், மேற்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை. நடுவில் பெர்லின் சுவர் எழும்பி, விழவும் செய்தது. பதிப்பு நிற்கவில்லை. அதன் நான்காம் வரிசை ஆர்கனுக்கு உரியது.

வேலை நடந்த விதம் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். இரண்டு பிரதிகளில் ஒரே தவறு இருந்தால் உறவு உண்டு, ஒன்றைப் பார்த்து மற்றது வந்ததா அல்லது இரண்டும் மூன்றாவதிலிருந்து வந்தனவா என்று வம்சாவளி போடுவார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்ப்பார்கள். எழுதிய கை யாருடையது, எந்த வயதில் எழுதியது என்று ஒப்பிடுவார்கள். முடிவையெல்லாம் இசைப் புத்தகத்தோடு தனி ஆய்வறிக்கையாகத் தருவார்கள். வேறு பாடம் எந்தப் பிரதியில் இருக்கிறது, தாங்கள் ஏன் இதை எடுத்தோம் என்று அதில் பார்க்கலாம். நம்ம டிராயிங்கில் ரிவிஷன் கட்டம் போடுகிற மாதிரிதான்.

இந்த நேர்மைக்கு விலையும் உண்டு. உலகமே அறிந்த டி மைனர் டொக்காட்டா பாக் கைப்படக் கிடைக்கவில்லை. ரிங்க் என்பவர் எழுதிய பிரதிதான் நமக்குள்ள முக்கிய ஆதாரம். 1981-இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர், இது பாக்குடையதுதானா, ஆர்கனுக்கே எழுதப்பட்டதா என்று கேட்டார். வாதம் இன்னும் ஓயவில்லை. கேட்பவர்களுக்கு அதனால் இன்பம் குறையவில்லை, அது வேற விஷயம்.

எதிர்ப்பக்கமும் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் நூலகத்தில் பெயரில்லாமல் கிடந்த இரண்டு ஷகோன்களை பீட்டர் வோல்னி 1992-இல் கவனித்தார். எழுதிய கை யாருடையது என்பது பிடிபட முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2025 நவம்பரில்தான் லைப்ஸிக்கில் அவை பாக்கின் இளமைக்காலப் படைப்புகளாக அறிவிக்கப்பட்டன. முக்கியத் துப்பு, பார்த்து எழுதிய ஒரு மாணவனின் கையெழுத்து.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சந்திப்புக்கு எல்லாரும் பழைய போட்டோக்களைத் தேடி எடுப்பீர்கள். எடுக்கும்போதே பின்னால் பென்சிலால் வருஷம், இடம், நிற்பவர்கள் பெயர் எழுதுங்கள். தெரியாத முகத்துக்குத் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்துப் பெயர் போட வேண்டாம். பின்னால் வருகிறவன் நம் தப்பையும் சேர்த்தே பிரதி எடுப்பான். அந்த மைனஸ் குறியை மறந்துவிடாதீர்கள்.