கோவையில் ஆசிரியர்கள் மாணவர்களான கதை

1960ஆம் ஆண்டு கோவை அரசு கலைக் கல்லூரியில் ஒரு சோதனை தொடங்கியது. அதுவரை ஆங்கிலத்திலேயே நடந்துவந்த பி.ஏ. வகுப்பின் கலைப் பாடங்களைத் தமிழில் நடத்திப் பார்ப்பது என்பதே அது. அப்போது சென்னை மாநிலக் கல்வியமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். மாணவர்கள் தமிழில் படிப்பார்களா என்று பலரும் கேட்டார்கள். ஆசிரியர்கள் நடத்துவார்களா என்பதல்லவா முதற்கேள்வி! வரலாற்றையும் பொருளியலையும் ஆங்கிலத்தில் கற்றுப் பட்டம் பெற்றவர்கள் அவர்கள். பணவீக்கம், அளிப்பு, நுகர்வோர் என்று இன்று நாளிதழில் நாம் தயக்கமின்றிப் படிக்கும் சொற்களை அவர்கள் மாணவர்களோடு சேர்ந்தே வாய்க்குப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழையவில்லை. கொங்கு நாட்டில் அதற்கு முன்பே களம் உழப்பட்டிருந்தது. திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சரானதும் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மையாசிரியராக வந்த பெரியசாமித் தூரன், கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாம் தொகுதி. துறைதோறும் அறிஞர்களைத் தேடிப்பிடித்து எழுதவைத்து, அதைத் தமிழாகவும் ஆக்குவதென்றால் அத்தனை ஆண்டுகள் ஆகத்தானே செய்யும்? கோவையிலேயே ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழை நடத்தி, அறிவியலைத் தமிழில் எழுதும் ஆசிரியர் கூட்டமொன்றை உருவாக்கினார். 1959இல் அமைந்த கல்லூரித் தமிழ்க் குழுவுக்கும் அவரே தலைவர்.

பின்னர் தமிழ் வெளியீட்டுக் கழகம் பாடநூல்களை வெளியிட்டது. அவற்றின் நடை கரடுமுரடானது என்ற குறை உண்மைதான். சில பக்கங்களை ஆங்கிலமாக்கிக்கொண்டு படித்தால்தான் விளங்கும். ஆனாலும் ஒவ்வொரு நூலின் அட்டையிலும் எழுதியவரின் பெயர் இருந்தது. பிழை கண்டால் இன்னாரிடம் கேட்கலாம்.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கேட்டதை எழுதித்தரும் இயந்திரங்கள் எங்கள் மாணவர்களின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தன. எங்களுக்கு அவை பிறகுதான் வந்தன. துறையில் ஐந்தாறு பேர் சேர்ந்து, சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரே கணினியின் முன் அமர்ந்து பழகத் தொடங்கினோம். எங்களுள் மூத்தவர் கேள்வி சொல்ல, இளையவர் தட்டச்சு செய்வார். வினாத்தாள் வரைவு, மொழிபெயர்ப்பு என்று சில வேலைகளை அது நன்றாகவே செய்தது, மறைப்பானேன்?

ஒருநாள் சோதனைக்காகச் சங்கப் பாடல் ஒன்றைக் கேட்டோம். புறநானூறு 412 என்று எண்ணிட்டு, புலவர் பெயர், திணை, துறையோடு பாட்டைத் தந்தது. புறநானூற்றில் உள்ளவையே 400. அவற்றிலும் 267, 268 கிடைக்கவில்லை. அந்தத் தொலைந்த பாட்டைத் தேடித் தந்திருந்தாலாவது மகிழ்ந்திருப்போம்! சிரித்து முடித்தபோது எங்களுள் ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். அலமாரியைத் திறந்து, சென்ற பருவத்தில் ஒரு மாணவி கொடுத்த கட்டுரையை எடுத்தார். அதே வகை மேற்கோள், இல்லாத பாட்டு. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் ‘நன்று’. பத்துக்கு எட்டு.

தமிழ் முதுகலை படித்த எவரும் அந்த வரிகளில் இடறியிருக்க வேண்டும். இடறவில்லை. அவருக்குப் பதில் எங்களுள் வேறு யார் திருத்தியிருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று பின்னர் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டோம். அறுபது கட்டுரை, ஒரே இரவு, நடை வேறு சரளம்! 1960இன் ஆசிரியர்களுக்குச் சொல் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நின்று பார்த்தார்கள். எங்களுக்கோ சொல் தடையின்றி வந்து கொட்டுகிறது.

அந்த மாணவியின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. மறு வாரம் அவரையும் அழைத்து எங்களோடு அமர்த்திக்கொண்டோம். மேசைமேல் கணினிக்குப் பக்கத்தில் உ. வே. சா. பதிப்பு இருந்தது. இயந்திரம் சொல்லச் சொல்ல, அவரே பக்கம் புரட்டிச் சரிபார்த்தார்.