சான்றிதழ் வாங்கியவர்கள்

கி.பி. 250, ஜூன் 26. எகிப்தின் ஃபாயூம் வட்டாரத்தில், ‘அலெக்சாண்டர் தீவு’ என்று பெயர் கொண்ட ஒரு கிராமம். ஔரேலியஸ் டயோஜெனஸ் என்ற கிழவர், பலிகளை மேற்பார்வை செய்ய அமைக்கப்பட்ட குழுவிடம் ஒரு மனு கொடுக்கிறார். வயது 72. அங்க அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. தான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்ததாகவும், இப்போது அரசாணைப்படி குழுவின் கண்முன்னால் பலியிட்டு, பானம் வார்த்து, பலி உணவையும் ருசி பார்த்ததாகவும் சொல்லி, அதைச் சான்றளிக்கும்படி கேட்கிறார். கீழே சாட்சியின் கையெழுத்து. அதற்கும் கீழே பேரரசரின் முழுநீளப் பட்டப்பெயரோடு தேதி.

அவ்வளவுதான் அந்தத் தாள். இதைப் போன்ற பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893-இல் அச்சில் வெளிவந்தது. பெரும்பாலானவை தெயாதெல்ஃபியா என்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். பெயர், ஊர், வயதுதான் மாறுகிறது. கட்டுமானத் தளத்தில் தினமும் பரிசோதனைப் பாரங்களில் கையெழுத்து போடுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பார்த்தவுடனே பழகிய பொருளாகத் தெரிந்தது. மாதிரி வாசகம் ஏற்கனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வந்தவருடைய விவரத்தை மட்டும் நிரப்புகிறார்கள். தெயாதெல்ஃபியா தாள்களில் செரினஸ், ஹெர்மாஸ் என்று அதே இரண்டு பேர் திரும்பத் திரும்ப ‘பார்த்தோம்’ என்று சாட்சி சொல்கிறார்கள். வெயிலில் உட்கார்ந்து நாள் முழுக்க இதையே செய்திருப்பார்கள் போல.

டயோஜெனஸ் கிறிஸ்தவரா இல்லையா என்பது அந்தத் தாளில் இல்லை. சான்றிதழ் எல்லாருக்கும் தேவைப்பட்டது. கிடைத்தவற்றுள் ஒன்று, பெட்டசூகோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண்ணுக்குரியது. கோயிலிலேயே வேலை பார்க்கும் அம்மாளும் ‘நான் சாமி கும்பிடுகிறேன்’ என்று எழுதி வாங்க வேண்டியிருந்திருக்கிறது. 249-இன் இலையுதிர் காலத்தில் பதவிக்கு வந்த பேரரசர் டேசியஸ், ஆட்டம் காணும் பேரரசை நிலைநிறுத்த மூதாதையர் தெய்வங்களின் தயவை வேண்டினார். ஆகவே பேரரசின் குடிகள் அனைவரும் பலியிட வேண்டும் என்று ஆணை. ஆணையின் மூலவாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்தவர்களை ஒழிப்பதுதான் அவருடைய நோக்கமா, இல்லை அவர்கள் இந்த வலையில் தாமாக வந்து மாட்டினார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயம் இரண்டாவதன் பக்கம். ஒரு மதத்தை மட்டும் குறி வைக்கிற ஆணையாக இருந்தால் முதலைப் பூசாரியை எதற்கு வரிசையில் நிற்க வைக்க வேண்டும்?

ஆனால் மாட்டியவர்களுக்கு நோக்கம் எதுவாக இருந்தால் என்ன? ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தணலில் போட்டால் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் சிறை, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல், சித்திரவதை, சில இடங்களில் மரணம். ரோமின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் ரோமுக்கு ஆயரே இல்லை.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் போட்டார்கள். வேத சாட்சிகளின் கதைகளையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமான உண்மை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் ஆயராக இருந்தவர் சிப்ரியன். நம்பிக்கையிலிருந்து சறுக்கியவர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. யாரும் பிடித்து இழுக்கும் முன்பே ஜனங்கள் தாங்களாகவே மன்றத்துக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இல்லை இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்களாம். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்மிர்னாவில் ஆயர் யூக்டேமோனே முன்னால் நின்று பலியிட்டார். மந்தையைக் கேட்கவா வேண்டும்?

நம் பழைய தமிழ் வேதாகமத்தில், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், கர்த்தருடைய நாளுக்கு முன்பு வரவேண்டியதாகச் சொல்லப்படுவது ‘விசுவாச துரோகம்’. அதே இடத்தில் கிரேக்கத்தில் ‘அபொஸ்தசியா’. விலகி நிற்பது, கலகம் செய்வது என்று பொருள். அரசியல் கிளர்ச்சிக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் சிப்ரியனின் காலத்து லத்தீன் சபை சான்றிதழ்காரர்களுக்கு வைத்த பெயர் ‘லாப்சி’. வழுக்கி விழுந்தவர்கள். துரோகம் செய்தவன் வேறு, வழுக்கி விழுந்தவன் வேறு. மழையில் வாசற்படியில் கால் தவறியவனை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. இங்கே மலேசியத் தமிழ்ச் சபைகளில் புழங்கும் ‘பின்மாற்றம்’ என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. “அவன் பின்மாறிப் போயிட்டான்” என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும், கவனித்திருப்பீர்கள்.

சிப்ரியனும் கடைசிக் காலத்தில்தான் தான் வாழ்வதாக நம்பினார். உலகம் கிழடு தட்டிவிட்டது, மழை முன்போலப் பெய்வதில்லை, சுரங்கங்கள் வற்றிவிட்டன, எதிர்க்கிறிஸ்து அருகில் வந்துவிட்டான் என்று அவர் எழுதினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. வடக்கே கோத்துகள் எல்லை தாண்டி வந்தார்கள். 251-இல் டேசியஸே அவர்களோடு நடந்த போரில் மாண்டார். கூடவே ஒரு கொள்ளைநோய். அதைப் பற்றி அவர் எழுதியதாலேயே அது பிற்காலத்தில் அவருடைய பெயரால் அழைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் சபை மொத்தமாகச் சரிந்தது. அவருடைய விளக்கம் நமக்குக் கேட்டுப் பழகியதுதான்: நீண்ட சமாதானத்தில் விசுவாசம் சோம்பிப்போய்விட்டது. ஆயர்கள் வியாபாரத்தில் இறங்கிவிட்டார்கள், பெண்கள் முகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள், ஆண்கள் தாடியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்றைய பிரசங்கத்தில் தாடி இருக்கும் இடத்தில் கைப்பேசி இருக்கிறது.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. இருபதுகளில் இருக்கும் என் வயதுக்காரர்கள் பலர் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தனுக்கு ஞாயிறும் வேலை. இன்னொருத்திக்கு வீட்டில் நடந்த ஒரு சாவுக்குப் பிறகு ஜெபிக்க முடியவில்லை. வேறொருவனுக்கு உண்மையிலேயே நம்பிக்கை போய்விட்டது. பிரசங்கத்தில் இந்த மூன்று பேரும் சேர்ந்து ‘கடைசி நாட்களின் அடையாளம்’ ஆகிறார்கள். ஒருவன் அடையாளமாக ஆனபிறகு அவனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதில்லை. கார்த்தேஜ் எனக்கு முக்கியமாகப்படுவது இதனால்தான். அங்கேயும் அடையாளம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் கேட்காமல் தப்பிக்க முடியவில்லை, ஏனென்றால் விழுந்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். சில மாதங்களிலேயே, ஆயிரக்கணக்கில்.

கதவை யார் திறப்பது என்பதில்தான் சண்டை. சிப்ரியனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. துன்புறுத்தல் தொடங்கியதுமே அவர் ஊரைவிட்டுத் தலைமறைவாகி, கடிதங்கள் வழியாகச் சபையை நடத்தினார். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்ற பொருள்பட ரோமிலிருந்து குத்தலாக ஒரு கடிதமே வந்தது. அதே நேரத்தில் சிறையில் பட்டினியும் தாகமும் அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள் சாதாரண விசுவாசிகள். விழுந்தவர்கள் அவர்களிடம் போனார்கள். அவர்களும் ‘சமாதானச் சீட்டு’ எழுதிக் கொடுத்தார்கள். இன்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் பாடு அவருக்காக. ஆக இன்னொரு சான்றிதழ்! அரசாங்கச் சான்றிதழ் உண்டாக்கிய கறையை அழிக்கச் சிறைச் சான்றிதழ். சில சீட்டுகளில் ‘இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும்’ என்று இருந்தது. சேர்ந்தவர்கள் என்றால் எத்தனை பேர், இருபதா முப்பதா என்று சிப்ரியன் எரிச்சலோடு கேட்கிறார். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. எண்ணிக்கை போடாத பாரத்தில் கையெழுத்து வாங்கினால் பிறகு என்ன நடக்கும் என்று அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சீட்டு விவகாரத்துக்குள் ஒரு கடிதம் கிடக்கிறது. ரோமில் சிறையிருந்து மீண்ட செலரினஸ் என்பவர் கார்த்தேஜ் சிறையிலிருக்கும் தன் நண்பன் லூசியனுக்கு எழுதுகிறார். அவருடைய சகோதரிகள் விழுந்துவிட்டார்கள். பாஸ்கா திருநாள் அன்றைக்கும் அவர் இரட்டுடுத்து அழுதுகொண்டிருக்கிறார். கார்த்தேஜிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த 65 விசுவாசிகளைத் துறைமுகத்துக்கே போய் வரவேற்று, இன்றுவரை உணவும் உபசரிப்பும் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பெண்கள்தான், இவர்களுக்காக மன்னிப்புக் கேட்டுத் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். மறுதலித்தவர்கள்தான் மறுதலிக்காதவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒவ்வொரு கதையாக வர வர, ‘விழுந்தவர்’ என்ற ஒரு சொல் போதவில்லை. உண்மையிலேயே பலியிட்டவர், சாம்பிராணி மட்டும் போட்டவர், எதுவும் செய்யாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர் என்று பிரித்தார்கள். அதற்குள்ளும் பிரிவுகள். மனைவி மக்களையும் வேலைக்காரர்களையும் சேர்த்து இழுத்துப்போனவன் ஒருவன். தான் ஒருவனாகப் போய் எல்லாருக்கும் சேர்த்துத் தலையைக் கொடுத்து, வீட்டாரைக் காப்பாற்றி, ஓடிவந்த மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் அடைக்கலம் தந்தவன் இன்னொருவன். இருவரையும் ஒரே தராசில் வைப்பதா என்று பிற்பாடு சிப்ரியனே கேட்கிறார். போனா என்ற பெண்ணைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துப்போனான். கையைப் பிடித்து அவளைச் செய்ய வைத்தபோது, இதைச் செய்தது நானல்ல, நீங்கள் என்று அவள் கத்தினாள். அவளை நாடு கடத்தினார்கள். இவள் விழுந்தவளா, நின்றவளா?

251-இல் சிப்ரியன் ஊர் திரும்பினார். ஆப்பிரிக்க ஆயர்கள் கூடி, சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்களுக்கு மரணப் படுக்கையில் மன்னிப்பு என்று முடிவெடுத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில், அடுத்த துன்புறுத்தல் வரப்போகிறது என்ற அச்சத்தில், மனம் வருந்திக் காத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அவர்கள் சொன்ன காரணம்தான். யுத்தத்துக்குப் போகிறவனை ஆயுதம் இல்லாமல் அனுப்பலாமா? இறுதி நெருங்குகிறது, அதனால் கதவை இறுக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. இறுதி நெருங்குகிறது, அதனால் திற என்றார்கள்.

ரோமில் நொவேஷியன் நேர்மாறாகப் போனார். பலியிட்டவனைக் கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும், சபைக்கு அந்த அதிகாரமில்லை என்று தனிச் சபை கண்டார். அது பல தலைமுறை நீடித்தது. 325-இல் நிசேயாவில் அந்தச் சபையின் ஆயர் அசேசியஸ் தங்கள் கடுமையை விளக்கியபோது, அப்படியானால் ஓர் ஏணியைப் போட்டு நீர் மட்டும் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலும் அதே நோய் திரும்பி வந்தது. 303-இல் டயோக்ளீஷியன் வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதில் பிறந்த டோனட்டிஸ்டுப் பிளவு நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 411-இல் கார்த்தேஜில் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்தபோது ஒவ்வொரு பக்கமும் 280-ஐ ஒட்டிய ஆயர்கள்.

சிப்ரியன் இரண்டாவது முறை ஓடவில்லை. வலேரியன் ஆட்சியில், 258 செப்டம்பர் 14 அன்று அவருடைய தலை வெட்டப்பட்டது. அவர் எதிர்பார்த்த இறுதி மட்டும் வரவில்லை.

ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது சிப்ரியனை அல்ல, அலெக்சாந்திரியாவின் செராப்பியோனை. அந்தியோக்கியா ஆயர் ஃபேபியஸ் நொவேஷியன் பக்கம் சாய்வதைக் கண்டு, அலெக்சாந்திரியா ஆயர் டயோனிசியஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். யூசேபியஸ் அதைத் தன் வரலாற்றில் சேர்த்துவைத்திருக்கிறார். கடிதத்தில் வாதத்தோடு இந்தக் கதையும் இருக்கிறது.

செராப்பியோன் வயதானவர். நீண்ட காலம் குறையில்லாமல் வாழ்ந்து, சோதனையில் பலியிட்டுவிட்டார். பலமுறை மன்னிப்புக் கேட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, என்னை இன்னும் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பீர்கள், போய் ஒரு குருவைக் கூட்டி வா என்றார். மறுபடி நினைவு தப்பிவிட்டது. பையன் ஓடினான். இரவு நேரம். குருவுக்கும் உடம்பு சரியில்லை, எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகும் தறுவாயில் கேட்பவர்களுக்கு மறுக்காதீர்கள் என்று டயோனிசியஸ் முன்னமே சொல்லி வைத்திருந்தார். குரு நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனின் கையில் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தாவின் வாயில் விடு என்று சொல்லி அனுப்பினார். பையன் வீட்டுக்குள் நுழையும் முன்பே கிழவருக்கு நினைவு வந்துவிட்டது. வந்துவிட்டாயா பிள்ளை, குருவால் வர முடியவில்லை, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னைப் போகவிடு என்றார். பையன் அதை நனைத்து வாயில் விட்டான். கொஞ்சம் விழுங்கினார். உடனே உயிர் போனது.