பகல்நேரச் சிறுநீர்க் கசிவும் பள்ளி மணியும்

ஐந்து வயது நிறைந்த பிள்ளை விழித்திருக்கும்போதே தன்னை மீறி உடையில் சிறுநீர் விடுவது பகல்நேரச் சிறுநீர்க் கசிவு. இரவில் பாய் நனைவது வீட்டோடு போய்விடும். பகலில் நனைவதை வகுப்பே பார்க்கிறது. அதனால் வீட்டில் அதைச் சோம்பல் என்கிறார்கள், பள்ளியில் ஒழுங்கீனம் என்கிறார்கள். உறுப்புக் கோளாறு இல்லாத பிள்ளைகளின் கசிவில் அடக்கும் பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும், அப்பழக்கம் வேரூன்ற வாய்ப்பான இடம் பள்ளி என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. தண்டனை இதைத் தீர்க்காது என்பதைப் பலரும் ஏற்பர். ‘கேட்டால் அனுப்புகிறோம்’ என்ற தாராளமும் தீர்க்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அடக்குதலின் உடலியல்

சிறுநீர்ப்பைத் தசை சுருங்கும்போது வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர வேண்டும். அடக்கியே பழகிய பிள்ளைக்கு இடுப்புத்தளத் தசைகள் இறுகிக் கிடக்கின்றன. கழிப்பறையில் உட்கார்ந்த பிறகும் அவை முழுதாகத் தளர்வதில்லை. நீர் விட்டுவிட்டு வருகிறது, உள்ளே மிச்சம் தங்குகிறது. தங்கிய நீரில் கிருமி பெருகி நீர்க்கடுப்பு வருகிறது; கடுப்பு அவசரத்தைக் கூட்ட, அவசரம் கசிவில் முடிகிறது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களுள் வைத்த சித்த மருத்துவ மரபுக்கு இந்த ஆபத்து புதிதல்ல.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாண்டி ஆட்டத்தின் நடுவே சட்டென்று குந்துகிறாள். ஒரு குதிகாலை அடியில் வைத்து அழுத்தியபடி, செருப்பு வாரைச் சரிசெய்பவள்போல் அசையாமல் இருக்கிறாள். “ஒண்ணுக்கு வருதாம்மா?” என்று ஆசிரியை கேட்டால் “இல்ல மிஸ்” என்பாள். எழுந்து ஓடும்போது ஜட்டி ஈரமாகியிருக்கும். வின்சென்ட் என்ற மருத்துவர் 1966இல் விவரித்த குந்தல் இது. பை திடீரென்று சுருங்கும்போது வாயிலைக் குதிகாலால் அடைக்கும் முயற்சியே அது. அவள் சொன்ன ‘இல்லை’ பொய்யும் அல்ல: சுருக்கம் அடங்கியதும் முட்டும் உணர்வும் அடங்கிவிடுகிறது. கேட்டால்தான் அனுமதி என்ற ஏற்பாடு பிழைபடும் இடம் இதுதான். யாருக்கு அனுமதி மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளை கேட்பதில்லை.

மலக்குடலின் பங்கு

சிறுநீர்ப்பைக்குப் பின்னால் மலக்குடல் இருக்கிறது. அதில் கெட்டி மலம் தேங்கினால் பை நெருக்கப்படும். அதன் இயக்கமும் குலையும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேரா லோனிங்-பவுக்கி 1997இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 பிள்ளைகளில் 29 சதவீதத்தினருக்குப் பகல் கசிவு இருந்தது. மலச்சிக்கல் தீர்ந்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பகல் கசிவும் நின்றது. பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கும் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கும் பயந்து மலத்தை அடக்கும் பிள்ளை, போகாமல் சமாளிக்கத் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் மலம் மேலும் இறுகும்.

மனமா, உடலா?

‘இது மனப் பிரச்சினை’ என்பது இங்கு எழக்கூடிய வலுவான மறுப்பு. சிறுநீரைத் தள்ளிப்போடும் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் இரண்டும் சேர்ந்திருப்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்றாகாது. நாற்றம் வருகிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உட்காரும் நிலையில் எந்தப் பிள்ளையும் சிடுசிடுப்பாகும். மனத்தைக் கவனிப்பதோடு, சிறுநீர் கழிக்க நேர ஒழுங்கையும் அமைக்க வேண்டும்.

விதிவிலக்குகளையும் விட்டுவிடக் கூடாது. ஒழுங்காகச் சிறுநீர் கழித்தும் இடைவிடாமல் சொட்டும் சிறுமிக்குச் சிறுநீர்க்குழாய் இடம் மாறித் திறந்திருக்கலாம். முதுகடியில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்து நடையும் மாறினால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தாகமும் மெலிவும் சேர்ந்தால் அன்றே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அச்சுறுத்தலோ பாலியல் துன்புறுத்தலோ காரணமாக இருக்கிறதா என்பதையும் பரிவோடு விசாரிக்க வேண்டும்.

இடைவேளையின் கணக்கு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. தூய்மைப் பள்ளித் திட்டம் 40 மாணவருக்கு ஒரு தொகுதி, அதில் ஒரு மலக்கழிப்பிடமும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடங்களும் என்ற அளவைப் பரிந்துரைத்தது. இந்த அளவு முழுமையாக நிறைவேறிய பள்ளியையே எடுத்துக்கொள்வோம். இடைவேளை 10 நிமிடம் என்றால், நான்கு இடங்களுக்கு 40 பேர். ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். வகுப்பிலிருந்து நடப்பதும், சுடிதார் நாடாவை அவிழ்த்துக் கட்டுவதும், தண்ணீர் ஊற்றுவதும் அதற்குள் அடக்கம். இறுகிய தசை தளர்வதற்கு அதில் நேரமில்லை. பின்னால் நிற்பவர் கதவைத் தட்ட, பிள்ளை முக்கிப் பாதி நீரோடு எழுந்துவிடும். அளவுப்படி கட்டடம் இருந்தாலே போதாது என்பதற்கு இந்தக் கணக்கு சான்று.

பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவைக்க 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் மணி ஒலித்தது. நல்ல ஏற்பாடுதான், குடித்த நீரை இறக்கவும் நேரம் ஒதுக்கினால்தான் அது முழுமை பெறும். வகுப்புவாரியாக ஐந்து நிமிடம் முன்பின்னாக இடைவேளை விட்டால் புதுக் கட்டடம் இல்லாமலே நெரிசல் குறையும். ‘கண்டபடி அனுப்பினால் பாடம் கெடும்’ என்ற ஆசிரியரின் கவலைக்கும் இதில் விடை உண்டு: நேரம் குறித்து அனுப்பினால் பாட நடுவே எழும் கைகள் குறையும்.

முடிவுரை

எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன்னும், காலை இடைவேளை, மதிய உணவு, பிற்பகல் இடைவேளை ஆகியவற்றிலும், வீடு திரும்பியதும் என ஆறு முறை பிள்ளை சிறுநீர் கழிக்க வேண்டும். ஒரு நாளுக்கு நான்கு முதல் ஏழு முறை என்ற இயல்பான அளவுக்குள் இது அடங்கும். முட்டுகிறதா இல்லையா என்று கேட்காமல் அனுப்ப வேண்டும்; கால் தரையில் நன்றாக ஊன்றியிருக்க வேண்டும். அடக்கும் பிள்ளைக்கும், பை மிகையாகச் சுருங்கும் பிள்ளைக்கும் முதல் சிகிச்சை இதுவே. பையின் சுருக்கத்தைக் குறைக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் மலச்சிக்கலை உண்டாக்கும் மருந்து என்பதால், மருந்தை முதலில் வைத்து இந்த வரிசையை மாற்றுவது எதிர்விளைவைத் தரக்கூடும். ஆகவே மருத்துவர் எழுதித்தரச் சொல்லும் சிறுநீர்க் குறிப்பேட்டில் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரையிலான கட்டங்கள் வெறுமையாக இருந்தால், மருந்துச் சீட்டுக்கு முன் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதப்பட வேண்டும்.