அஸ்ல் முதல் ஊசி வரை: கணவன் மனைவி கலந்தாலோசனை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கி வரும் பிரதான வீதியில் சத்துருக்கொண்டானைக் கடந்ததும் தன்னாமுனை வரும். வாவியை ஒட்டிய கத்தோலிக்கக் கிராமம். இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் ஏறாவூர். இரண்டு ஊர்ப் பெண்களும் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படும்: "அடுத்த புள்ளைக்கு இடைவெளி விட என்ன பாவிக்கப் போறீங்க?" தன்னாமுனைப் பெண், "இவரிட்டக் கேக்கணும்" என்பாள். ஏறாவூர்ப் பெண், "வீட்ட போய்க் கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்பாள்.

இந்த 'வீடு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய்வழிக் குடி முறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழமையும் அயல் தமிழரோடு நாம் பகிர்ந்துகொண்டவை. ஆகவே புதுப் பெண்ணுக்கு யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் அவளது உம்மாவும் ராத்தாவும்தான். "பால் குடிக்கிற புள்ள இரிக்கக்குள்ள வயித்துல தங்காது" என்று உம்மம்மாமார் சொல்வது ஓரளவு உண்மையும்கூட. முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குப் பிறகு இந்த நம்பிக்கை பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆனால் எனது கேள்வி வேறு. இந்தப் பேச்சில் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா? எமது மார்க்க மரபு இதைப்பற்றி என்ன சொல்லியிருக்கிறது?

அனுமதி யாருடையது?

பழைய நூல்களில் இந்த விடயம் 'அஸ்ல்' என்ற பெயரில் வருகிறது. உறவின்போது விந்து கருப்பைக்குள் சேராமல் கணவன் விலகிக்கொள்வதே அஸ்ல். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவித்த செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நபி (ஸல்) அவர்களுக்கு அது தெரியவந்தும் தடுக்கவில்லை என்று முஸ்லிமின் அறிவிப்பு சொல்கிறது. ஜுதாமா (ரலி) அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் அதைக் கடுமையாகப் பேசுகிறது. அதை வைத்தே ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) அஸ்லைத் தடையென்றார். பெரும்பான்மை அறிஞர்கள் அவ்வாறு கொள்ளவில்லை.

அவர்கள் அதிகம் வாதித்தது மனைவியின் அனுமதி பற்றித்தான். ஹனபி, மாலிக்கி, ஹன்பலி மத்ஹப்கள் மனைவி சம்மதிக்காமல் அஸ்ல் கூடாது என்றன. பிள்ளை பெறும் உரிமையும் இன்பம் பெறும் உரிமையும் அவளுக்கும் உண்டு என்பது அவர்களது நியாயம். சம்மதம் வேண்டும் என்று உமர் (ரலி) வழியாக இப்னு மாஜாவில் வரும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. எமது ஷாபிஈ மத்ஹபிலோ இமாம் நவவி (ரஹ்), அவள் சம்மதிக்காவிட்டாலும் அஸ்ல் ஹராமாகாது என்பதையே கூடுதல் சரியான கருத்தாகக் கொண்டார். ஆனாலும் அஸ்லை எந்நிலையிலும் அவர் வெறுக்கத்தக்கதாகவே கண்டார். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பெண்ணின் சம்மதத்தை நிபந்தனையாக்காத மத்ஹபே எங்கள் ஊர்களில் ஓதப்பட்டு வந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதே மத்ஹபைச் சேர்ந்தவர். இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் அவர் நோக்கங்களைப் பிரித்துப் பார்க்கிறார். மனைவியின் உடல் நலத்தையும் அழகையும் காப்பதற்காக, பிரசவ ஆபத்திலிருந்து அவளைக் காப்பதற்காக, பிள்ளைகள் பெருகிக் கஷ்டப்பட நேரும் என்ற அச்சத்துக்காக அஸ்ல் செய்வதை அவர் தடுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்று அஞ்சிச் செய்வதைக் கெட்ட நோக்கம் என்றார். ஹிஜ்ரி 505 இல் மறைந்த ஒருவர் மனைவியின் உயிரையும் அழகையும் ஒரு நியாயமாக எடுத்துப் பேசியிருக்கிறார் என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. ஹனபி அறிஞர் இப்னு நுஜைம் (மறைவு 1563), கணவனின் அனுமதியின்றி மனைவி கருப்பையின் வாயை அடைத்துக்கொள்வதும் கூடாது என்று கருதினார். மனைவியைக் கேட்காமல் கணவன் அஸ்ல் செய்வது கூடாதே, அதுபோல இதுவும் என்பது அவர் வாதம். அவரது சகோதரரோ தமது நூலில் அதற்கு மாறாக, பெண் அப்படிச் செய்துகொள்ளலாம் என்றார். பெண்கள் வழமையாகக் கையாண்டுவந்த முறையைப் பற்றித்தான் இரு சகோதரர்களும் பேசினார்கள். ஆக அந்தக் காலத்துப் பெண்களிடமும் தமக்கென்று ஒரு வழி இருந்திருக்கிறது.

கிளினிக் வந்த காலம்

இலங்கையில் குடும்பத் திட்டமிடற் சங்கம் 1953 இல் தொடங்கியது. 1958 இல் சுவீடனுடன் செய்த உடன்படிக்கையின் கீழ் முன்னோடித் திட்டம் ஆரம்பமானது. 1965 இல் அரசாங்கம் இதைத் தாய் சேய் நலச் சேவைக்குள் கொண்டுவந்தது. அதன்பின் ஊர் மிட்வைஃப் வீடு வீடாக வந்து பேசத் தொடங்கினார். 1973 இல் 'பிரீத்தி' ஆணுறை கடைகளுக்கு வந்தது.

அதே காலத்தில், 1968 ஜூலையில், பாப்பரசர் ஆறாம் பவுல் 'ஹியூமானே வீற்றே' சுற்றுமடலை வெளியிட்டார். குளிசை, ஆணுறை, கருத்தடைச் சத்திர சிகிச்சை எல்லாம் திருச்சபையால் மறுக்கப்பட்டன. பாதுகாப்பான நாட்களைக் கணித்து விலகியிருக்கும் இயற்கை முறை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. இப்படி ஒரே வீதியில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றின் மார்க்கம் முறையைக் குறித்துக் கொடுத்தது. மற்றதன் மார்க்கம் தற்காலிக முறைகளுக்கு இடம் விட்டது. இருந்தும் எங்கள் பெண்கள், "இது ஹராமாமே" என்ற பயத்தோடுதான் கிளினிக்குக்குப் போனார்கள். நூலில் இருந்த இடம் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

எண்ணிக்கை அரசியல்

1980 இல் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது 500 ரூபாவாக உயர்ந்தது. ஏழைக் கூலிக்காரனுக்கு அந்தக் காலத்தில் 500 ரூபா சின்னக் காசல்ல. காசு நடுவில் வந்தபின் சம்மதம் எவ்வளவு சுயமானது என்று கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் உத்தாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் பொலிஸார் சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றார்கள்.

எங்கள் பக்கம் வேறு விதமான பயம் வந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, ஒவ்வொரு சமூகமும் தன் தலைகளை எண்ணத் தொடங்கியது. "நாங்க குறைஞ்சி போயிருவோம்" என்ற பேச்சு பள்ளியிலும் கோயிலிலும் சந்தையிலும் கேட்டது. அரசின் கணக்கிலோ நாங்கள் இல்லவே இல்லை. 1987 ஆம், 1993 ஆம் ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார ஆய்வுகள் யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.8 பிள்ளைகள், பிறகு 2.3 என்று அவை சொன்ன இலக்கங்களில் ஏறாவூர்ப் பெண்ணும் இல்லை, தன்னாமுனைப் பெண்ணும் இல்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை சொன்னது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. ஆனால் இத்தகைய காற்று வீசும்போது, ஒரு தாயின் கருப்பை அவளுடையதாக இல்லாமல் சமூகத்தின் சொத்தாகப் பேசப்படுகிறது.

முறையும் அதிகாரமும்

ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கையில் முடிவைக் கொடுக்கிறது. அஸ்லும் ஆணுறையும் கணவன் கையில். இயற்கை முறைக்கு இருவரும் வேண்டும். 3 மாத ஊசியை மனைவி ஒருவருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போடும் பெண்ணைத் திட்டுவதற்கு முன், வீட்டில் அவளால் ஏன் வாய் திறக்க முடியவில்லை என்று கேட்க வேண்டும். ஊசியை நிறுத்தியபின் மறுபடி கருத்தரிக்கப் பல மாதங்கள் செல்லலாம் என்பது தெரியாத கணவன், "இவளுக்கு என்னமோ குறை" என்று நினைக்கிறான். ஒளிவு இப்படித்தான் குடும்பத்துக்குள் சந்தேகமாக முளைக்கிறது.

நிரந்தர முறையில் கவனம் இன்னும் வேண்டும். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த நாகப்பட்டினக் கரையோரத் தாய்மார் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்திருந்தார்கள். குழாய்களை மீண்டும் இணைக்கும் சத்திர சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசு உதவ வேண்டியதாயிற்று. அதே அலை எங்கள் கரையையும் அடித்தது.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இவற்றையெல்லாம் பார்த்துத் தீர்மானம் எடுத்தது. பிள்ளை பெறும் சுதந்திரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தக் கூடாது. அத்தியாவசியத் தேவையின்றி நிரந்தரக் கருத்தடை கூடாது. தீங்கு இல்லாத தற்காலிக முறைகளை, கணவனும் மனைவியும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பிக் கையாளலாம்.

'கலந்தாலோசனை', 'மனப்பொருத்தம்' என்ற இந்த இரு சொற்களும் அகடமி புதிதாக உண்டாக்கியவை அல்ல. ஸூரத்துல் பகராவின் 233 ஆம் வசனம், இரண்டு வருடத்துக்கு முன் குழந்தைக்குப் பால் மறக்கடிக்க விரும்பினால் தாயும் தந்தையும் செய்ய வேண்டியது என்று இவற்றைத்தான் சொல்கிறது. பால் நிறுத்துவதற்கே இருவரும் பேசி மனம் பொருந்த வேண்டுமென்றால், அடுத்த பிள்ளை எப்போது என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிக்கலாமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மகள், "வீட்ட கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்று சொல்லட்டும். அதில் பிழையில்லை. ஆனால் வீட்டில் அவளிடம் முதலில் பேச வேண்டியவர் அந்தப் பிள்ளையின் வாப்பா. அவரும் அடுத்த கிளினிக் நாளில் அவளோடு கூடப் போய் மிட்வைஃப் சொல்வதைக் கேட்டு வருவாராயின், பாதி சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.