மருத்துவமனைத் தூக்க மருந்துகள்
உள்நோயாளிகளுக்குச் சில நாள்களுக்கெனத் தொடங்கப்படும் தூக்க மாத்திரைகளும், வீடு திரும்பிய பிறகும் அவை தொடரும் வழக்கமும். வார்டு விளக்கு, கருவிகளின் ஓசை, வலி, ஸ்டீராய்டு மருந்து, இரத்த அழுத்தம் பார்க்க நள்ளிரவில் எழுப்புவது என உறக்கம் கெடப் பல காரணங்கள் உண்டு. அவற்றைக் களைவதைவிட மாத்திரை எழுதுவது எளிது என்பதே சிக்கலின் வேர். லோராசிபாம் போன்ற பென்சோடயசிபைன்களும் சோல்பிடெமும் முதியோருக்கு மனக்குழப்பம், தடுமாற்றம், எலும்பு முறிவு ஆகிய ஆபத்துகளைக் கூட்டுகின்றன. அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வொன்றில், சோல்பிடெம் உட்கொண்ட உள்நோயாளிகளில் சுமார் 3 சதவீதத்தினர் கீழே விழுந்தனர். எழுதித் தரப்பட்டும் உட்கொள்ளாதவர்களில் 0.7 சதவீதத்தினரே விழுந்தனர்.

டிஸ்சார்ஜ் சீட்டில் நிறுத்தும் நாள் குறிக்கப்படாவிட்டால் மாத்திரை மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். நெடுநாள் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தினால் பதற்றம், கடும் தூக்கமின்மை, சில வேளைகளில் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. நீண்டகாலமாக பென்சோடயசிபைன் எடுத்துவந்த முதியோரிடம் கனடாவில் நடந்து 2014இல் வெளியான 'எம்பவர்' ஆய்வில், விளக்கக் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதத்தினர் ஆறு மாதங்களில் மருந்தை விட்டனர். பெறாதவர்களில் 5 சதவீதத்தினர் மட்டுமே. இந்தியாவில் சோல்பிடெமும், பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்த அல்பிரசோலமும் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளன. மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாது.