மறுபாதிக் கடிதங்கள்

இலக்கிய வரலாற்றை நாம் பெரும்பாலும் அச்சேறிய நூல்களைக் கொண்டே படிக்கிறோம். அந்த நூல்கள் பிறந்த கதையைச் சொல்வன கையெழுத்துக் கடிதங்கள்.

உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தவர். 1942இல் அவர் மறைந்தபின், சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் அவற்றைக் காத்தது. 1877 முதல் 1900 வரையானவற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பிக்க, 2018இல் முதல் தொகுதி வெளிவந்தது.

ஐயருடன் கடிதத் தொடர்பு கொண்டவர்களில் பாரிஸிலிருந்து தமிழிலேயே எழுதிய ஜூலியன் வின்சோன் ஒருவர். நம்மவர்களும் உளர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை, ஐயருக்கு முன்னரே பதிப்புத்துறையிற் கால்பதித்தவர். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் சகோதரரான கொழும்பு பொ.குமாரசாமி முதலியார், ஐயரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்.

சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க ஐயர், பிள்ளை இருவருமே விரும்பினர். 1887இல் ஐயரின் பதிப்பு வெளிவந்தது. அக்கதையை ஐயர் ‘என் சரித்திர’த்தில் எழுதியபோது, பிள்ளை மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. முதுமையில் எழுதிய நினைவு ஒரு சாட்சி. அன்றைக்கே எழுதிய கடிதம் வேறொரு சாட்சி. இரண்டையும் ஒப்புநோக்காமல் வரலாற்று மாணவன் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஆயினும் கடிதம் என்பது இருவர் உரையாடல். ஐயரிடம் இருந்தவை அவருக்கு வந்தவை. அவர் எழுதிய மறுமொழிகள் பெற்றவர்களின் வீடுகளுக்கல்லவா போயின! அந்த மறுபாதியை நாம் எங்கே தேடுவது? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்தது. 1983இல் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. வீட்டோடு எரிந்த காகிதங்களுக்கு யார் கணக்கு வைத்தார்?

எஞ்சியவற்றையாவது காப்போம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய றங்குப்பெட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பாட்டனாரின் கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உறையையும் சேர்த்து வையுங்கள். தபால் முத்திரையே திகதியைச் சொல்லும். பசையிட்டு ஒட்டாதீர்கள், துருவேறும் கம்பிகளைக் கழற்றுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுக்குப் படியெடுக்கக் கொடுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

பெரும்புலவர் எழுதியதாக இருக்க வேண்டுமென்பதில்லை. யார் யாருக்கு என்று எழுதினார், எந்த நூலைக் கேட்டார் என்ற ஒரு வரி போதும். நாளைய ஆய்வாளன் அதைத் தேடி வருவான்.