அமைதிக்கு ஒரு ஓட்டு

1964 செப்டம்பர் 7, அமெரிக்க டிவி. ஒரு குட்டிப் பொண்ணு பூவோட இதழ்களை எண்ணி எண்ணிப் பிய்க்கிறா. திடீர்னு எண்ணிக்கை தலைகீழா ஓடுது, அணுகுண்டு வெடிக்குது. ஜான்சனுக்கு ஓட்டுப் போடுங்க! எதிராளி கோல்ட்வாட்டர் பேரே அதுல கிடையாது. காசு கொடுத்து ஓட்டினது ஒரே தடவை. அப்புறம் செய்திக்காரங்களே இலவசமா காட்டிட்டாங்க. ஜான்சன் அமோகமா ஜெயிச்சார். 1965 மார்ச்சில் அவரோட விமானங்கள் வியட்நாம் மேல தொடர்ந்து குண்டு போட ஆரம்பிச்சது.

அந்த விளம்பரத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1962 செப்டம்பர்ல, 83 வயசு ராஜாஜி வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார். 1921-22ல நம்ம வேலூர் ஜெயில்ல இருந்த அதே ராஜாஜிதான். அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கன்னு கேட்டார். அமெரிக்காவுல அவருக்கு ஒத்தை ஓட்டு கிடையாது. கேட்டதால சொந்த ஊர்லயும் ஒரு ஓட்டு கூடியிருக்காது.

அமைதின்னு யார் பேசினாலும் நான் பார்க்கிறது இதைத்தான்: அதுல அவருக்கு என்ன லாபம்?

இதை எழுதக் காரணம், எங்க கலவை நண்பர்கள் ரெண்டு பேர். 'நாங்க வந்தா அமைதி'ங்கிற மாதிரி ஒரு தேர்தல் விளம்பரத்துக்காக அடிச்சிக்கிட்டு, இன்னும் பேசிக்கல. ஜெயிச்சவர் வந்து சேர்த்து வைக்கப் போறதில்லைடா. டீக்கடைக்கு வாங்க, நான் வாங்கித் தரேன் :-)